கிளவுஸ் ஷூல்ட்சே: எந்த ஆல்பத்தில் தொடங்குவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார் இந்த ஷூல்ட்சே?

1947இல் பெர்லினில் பிறந்த ஜெர்மானிய இசைக்கலைஞர். 2022 ஏப்ரலில் காலமானார். முதலில் டிரம்ஸ் வாசித்தவர். டேஞ்சரின் டிரீம் குழுவின் முதல் ஆல்பத்திலும் (1970), ஆஷ் ரா டெம்பெல் குழுவின் முதல் ஆல்பத்திலும் (1971) டிரம்ஸ் இவருடையதுதான். இரண்டு குழுக்களிலிருந்தும் சீக்கிரமே வெளியேறி, ஆர்கனும் டேப் ரிக்கார்டரும் பிறகு சிந்தசைசருமாகத் தனியாக உட்கார்ந்துவிட்டார். அதன் பிறகு ஐம்பது ஆண்டுகளில் வந்தவை நாற்பதுக்கும் மேற்பட்ட ஆல்பங்கள். தொகுப்புப் பெட்டிகளும் கூட்டு முயற்சிகளும் தனிக் கணக்கு. இந்தக் குவியலைப் பார்த்து மிரண்டுபோய்தான் பலரும் இவரைத் தொடாமலே விட்டுவிடுகிறார்கள்.

இவர் டிரம்ஸ்காரர் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சிந்தசைசர் இசை என்றால் மிதக்கும் மேகம், விண்வெளி என்று ஒரு நினைப்பு உண்டு. இவருடைய நல்ல ஆல்பங்களில் அந்த மேகத்துக்கு அடியில் ஒரு தாளக்காரர் கணக்குப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

சுற்றி வளைக்காமல் ஒரே ஒரு ஆல்பம் சொல்லுங்கள்.

மூன்டான், 1976.

அதில் இரண்டே உருப்படிகள். முதலாவது 'ஃப்ளோட்டிங்', ஏறக்குறைய 27 நிமிடம். முதல் சில நிமிடங்கள் ஒலிகள் தூவப்பட்டு, ஒன்றும் நடக்காதது போலப் போகும். பிறகு சீக்வென்சர் நுழையும். சீக்வென்சர் என்பது, சில ஸ்வரங்களை வரிசையாக அமைத்துவிட்டால் அவற்றையே விடாமல் திரும்பத் திரும்ப வாசிக்கும் கருவி. வாசிப்பவரின் கை அப்போது சாவிக்கட்டைகளில் இருக்காது, குமிழ்களில் இருக்கும். ஒலியின் கூர்மையைக் கூட்டுவார், குறைப்பார், மூடுவார், திறப்பார். ஸ்வரங்கள் அதேதான், அவற்றின் முகம் மட்டும் மாறிக்கொண்டே போகும். இதற்கு மேல் ஹரால்ட் கிராஸ்கோஃப் என்ற டிரம்ஸ்காரர் உண்மையான டிரம்ஸோடு சேர்ந்துகொள்கிறார். இயந்திரம் இம்மியும் பிசகாத ஒரு நடையில் போக, மனிதர் அதைச் சற்றே முன்னும் பின்னும் இழுப்பது இந்த ஆல்பத்தின் பெரிய சுகம். தாளத்தைத் தானே வாசித்திருக்கக்கூடிய ஷூல்ட்சே, அதை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு மேலே மிதக்கிறார்.

இரண்டாவது 'மைண்ட்ஃபேசர்', 25 நிமிடம் சொச்சம். முதல் பாதி முழுக்க நிதானம். நடுவில் டிரம்ஸ் உடைத்துக்கொண்டு வரும் இடம் இருக்கிறதே, அதை நான் இங்கே விவரிக்கப் போவதில்லை, கேட்டுக்கொள்ளுங்கள்.

பெரிய மூக் சிந்தசைசர் இவர் கைக்கு வந்த பிறகு செய்த முதல் ஆல்பம் இது. அந்தக் கருவியை போபோல் வூ குழுவின் ஃப்ளோரியான் ஃப்ரிக்கேயிடமிருந்து வாங்கினார். வெர்னர் ஹெர்ஸாக் படங்களின் இசை வழியாக ஃப்ரிக்கேயை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். அவர் மின்னணுக் கருவிகளே வேண்டாம் என்று பியானோ பக்கம் திரும்பிய நேரம். ஒருவர் சலித்து விற்றது இன்னொருவருக்கு வாழ்க்கையானது.

முதல் ஆல்பத்திலிருந்து வரிசையாகக் கேட்பதுதானே முறை?

வேறு பலருக்கு அது சரி. இவரிடம் அப்படிப் போனால் முதல் வாசலிலேயே திரும்பிவிட வாய்ப்பு அதிகம். முதல் ஆல்பமான இர்லிஷ்ட் (1972) வெளிவந்தபோது இவரிடம் சிந்தசைசரே கிடையாது. ஒரு மாணவர் இசைக்குழுவின் வாசிப்பைப் பதிவு செய்து, டேப்பைப் பின்னோக்கி ஓட்டி, வடிகட்டி, அதற்கு மேல் பழுதுபட்ட கிதார் ஆம்ப்ளிஃபையர் வழியாக ஆர்கனை வாசித்துச் செய்தது அது. தாளம் இல்லை, மெட்டு இல்லை. இரைச்சல் மெல்ல மெல்ல ஒரு சுவராக எழும்பி நிற்கும். எனக்கு மிகவும் பிடித்த ஆல்பங்களில் அதுவும் ஒன்று, ஆனால் முதல் நாளே யாருக்கும் கொடுக்க மாட்டேன். அடுத்து வந்த சைபோர்க் (1973) அதே இருட்டில் இரண்டு இசைத்தட்டுகள். அங்கேதான் முதல் சிந்தசைசர் தலைகாட்டுகிறது.

1975 முதல் 1979 வரையிலான ஐந்து வருடங்களில் எங்காவது இறங்குங்கள். அங்கிருந்து பின்னாலும் போகலாம், முன்னாலும் போகலாம். பின்னால் போய் இர்லிஷ்டைக் கேட்கும்போது, 'ஃப்ளோட்டிங்'கின் தொடக்கத்தில் தூவிக்கிடந்த ஒலிகள் எங்கிருந்து வந்தவை என்று பிடிபடும்.

எல்லாமே அரை மணி நேரமா? சின்னதாக எதுவும் இல்லையா?

இருக்கிறது. பாடி லவ் (1977) ஆல்பத்தில் 'பிளாஞ்ச்' என்று ஏறக்குறைய 12 நிமிட உருப்படி ஒன்று உண்டு. எக்ஸ் (1978) ஆல்பத்தில் 'ஃபிராங்க் ஹெர்பர்ட்' ஏறக்குறைய 11 நிமிடம். முதலாவது இதமானது, இரண்டாவது ஓட்டமானது. ஒரு மாலையில் இரண்டையும் கேட்டுப் பார்த்துவிட்டு, இந்த மனிதர் உங்களுக்கு ஒத்துவருவாரா என்று முடிவு செய்யலாம்.

நீளம் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஓர் எளிய பதில்: இசைத்தட்டின் ஒரு பக்கம். ஒரு பக்கத்துக்கு ஒரு உருப்படி என்பது எழுபதுகளில் இவர் வைத்துக்கொண்ட வழக்கம். சாதாரணமாக ஒரு பக்கத்தில் இருபது நிமிடம் சொச்சம் வைப்பார்கள். இவர் முப்பது வரை திணித்தார். அப்படித் திணிக்கும்போது தட்டின் வரிகளை நெருக்கிச் செதுக்க வேண்டும், ஒலியளவு குறையும், கீழ் ஸ்தாயி மெலியும். பழைய இசைத்தட்டில் கேட்டு 'சத்தமே இல்லையே' என்று நினைத்தவர்கள் குறுந்தகட்டிலோ ஸ்ட்ரீமிங்கிலோ மறுபடி கேட்டுப் பார்க்கலாம்.

நம் ஊரில் கச்சேரி கேட்டுப் பழகியவர்களுக்கு இந்த நீளம் அவ்வளவு அந்நியமாக இருக்காது. ஒரு ராகத்தை முக்கால் மணி நேரம் விரித்தால் உட்கார்ந்து கேட்கிறவர்கள்தானே. ஆனால் இவரிடம் ராக பாவத்தைத் தேடாதீர்கள். பெரும்பாலும் ஒரே சுருதியில், ஓரிரு சுரக்கோர்வைகளுக்குள்தான் நிற்பார். மாறிக்கொண்டிருப்பது ஒலியின் நிறம்.

மூன்டான் பிடித்துவிட்டது. அடுத்து?

எது பிடித்தது என்பதைப் பொறுத்தது. டிரம்ஸும் ஓட்டமும் பிடித்திருந்தால் நேராக பாடி லவ். அதில் 'ஸ்டார்டான்சர்' என்ற உருப்படியில் கிராஸ்கோஃப் மறுபடியும் வருகிறார். அது லாசே பிரௌன் எடுத்த ஒரு வயதுவந்தோர் படத்துக்கான இசை என்பதால் முகம் சுளிக்க வேண்டாம். படத்தை மறந்துவிட்டு இசையை மட்டும் வைத்துக்கொண்டவர்களே உலகில் அதிகம்.

சீக்வென்சர் பிடித்திருந்தால் டைம்விண்ட் (1975). இவர் அந்தக் கருவியை முதன்முதலில் முழுமையாகப் பயன்படுத்தியது இதில் வரும் 'பைராய்ட் ரிட்டர்ன்' உருப்படியில்தான். டிரம்ஸே கிடையாது. முப்பது நிமிடமும் காற்று வீச்சு போன்ற ஒலிக்கு நடுவே அந்தத் துடிப்பு ஓடிக்கொண்டிருக்கும். பிரான்சில் சார்ல் க்ரோ அகாதமியின் இசைத்தட்டுப் பரிசு இந்த ஆல்பத்துக்குக் கிடைத்தது. இவர் பெயர் ஜெர்மனிக்கு வெளியே பரவியதில் அந்தப் பரிசுக்குப் பங்கு உண்டு.

மிதப்பு பிடித்திருந்தால் மிராஜ் (1977). இவருடைய ஆகச் சிறந்த ஆல்பம் எது என்று மடக்கிக் கேட்டால் என் பதில் இதுதான். தொடங்குவதற்கு மூன்டான், தங்குவதற்கு மிராஜ். பனிக்காலம் ஒன்றை ஒலியால் வரைந்தது என்று இதன் உபதலைப்பே சொல்கிறது. 'வெல்வெட் வாயேஜ்' பகுதியில் இருள், அடி ஆழத்தில் ஏதோ நகர்வது போல. 'கிரிஸ்டல் லேக்' பகுதியில் மணியோசை போன்ற சிறு சிறு சுரங்கள் தொடங்கி ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போகும். டிரம்ஸ் இல்லை, ஆனால் தாளம் எங்கும் இருக்கிறது. மேளத்தைக் கையில் எடுக்காத மேளக்காரரின் வேலை என்றால் அது இதுதான். இந்தப் பதிவில் எந்த ஒலி எப்போது நுழைந்தது என்று இத்தனை முறை கேட்டும் என்னால் சரியாகப் பிடிக்க முடிந்ததில்லை. கவனிக்கும்போது ஏற்கெனவே அங்கே இருக்கிறது.

'டியூன்' படத்துக்கும் இவருக்கும் என்ன தொடர்பு?

ஃபிராங்க் ஹெர்பர்ட் 1965இல் வெளியிட்ட 'டியூன்' நாவல் மீது ஷூல்ட்சேவுக்குத் தீராத பித்து. 1978இல் அந்த எழுத்தாளர் பெயரிலேயே ஓர் உருப்படி, 1979இல் நாவலின் பெயரிலேயே ஓர் ஆல்பம். திரைப்படம் எதுவும் வெளிவராத காலம் அது. பல பத்தாண்டுகள் கழித்து, 2021இல் வெளியான படத்துக்கு இசையமைத்த ஹான்ஸ் ஸிம்மர், 'ஃபிராங்க் ஹெர்பர்ட்' உருப்படியை எடுத்து விரித்து 'கிரெயின்ஸ் ஆஃப் சாண்ட்' என்ற பகுதியை உருவாக்கினார். படத்தையொட்டி வந்த 'டியூன் ஸ்கெட்ச்புக்' ஆல்பத்தில் அதைக் கேட்கலாம். ஸிம்மர் வழியாக வருகிறவர்கள் முதலில் அந்தப் பகுதி, பிறகு 1978ஆம் வருட மூலம் என்று கேளுங்கள். ஒரே எலும்பு, இரண்டு உடம்பு.

1979இன் டியூன் ஆல்பம் தொடங்குவதற்கு ஏற்றதல்ல. தலைப்பு உருப்படி முப்பது நிமிடம். வொல்ஃப்காங் டீபோல்டின் செல்லோவும் சிந்தசைசரும் மணல்வெளி மாதிரி மெதுவாக நகரும். எனக்கு அது அலுத்ததே இல்லை. மறுபக்கத்தில் ஆர்தர் பிரௌன் பேசுவது போலப் பாடுகிறார். இந்தக் குரலால் எரிச்சலடைந்து ஆல்பத்தையே ஒதுக்கியவர்கள் உண்டு, அவர்களைக் குறை சொல்ல முடியாது.

எக்ஸ் ஆல்பத்தைப் பலரும் உச்சம் என்கிறார்களே?

சரிதான். அது ஆறு பேரின் இசை வாழ்க்கை வரலாறு: தத்துவவாதி நீட்சே, கவிஞர் கியோர்க் டிராக்ல், ஃபிராங்க் ஹெர்பர்ட், இசையமைப்பாளர் ஃபிரீடெமன் பாக், பவேரிய மன்னர் இரண்டாம் லுட்விக், நாடகாசிரியர் ஹைன்ரிஷ் ஃபான் கிளைஸ்ட். இரண்டு இசைத்தட்டுகள். மன்னர் லுட்விக் பகுதியில் உண்மையான தந்தி வாத்தியக் குழு சேர்கிறது, கிளைஸ்ட் பகுதியில் செல்லோ. ஒரே மூச்சில் கேட்க வேண்டாம், நாளைக்கு ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பதிப்பு விஷயம் ஒன்று. மூல இசைத்தட்டுப் பதிப்பில் டிராக்ல் பகுதி ஐந்து நிமிடம் சொச்சம்தான், இடமில்லாததால் வெட்டப்பட்டது. பிற்கால மறுவெளியீட்டில் அது 26 நிமிடமாக நீண்டிருக்கிறது. நீண்ட வடிவம்தான் நல்லது.

வாக்னர், நீட்சே என்று பெயர்கள் பயமுறுத்துகின்றன. அதெல்லாம் படித்திருக்க வேண்டுமா?

வேண்டாம். டைம்விண்டின் இரண்டாம் பக்கம் 'வான்ஃப்ரீட் 1883'. வான்ஃப்ரீட் என்பது ஜெர்மனியின் பைராய்ட் நகரில் ஓபரா இசையமைப்பாளர் வாக்னர் வாழ்ந்த வீடு, 1883 அவர் இறந்த வருடம். இவ்வளவு தெரிந்தால் போதும், தெரியாவிட்டாலும் குடி முழுகாது. ஒரு மெட்டைக்கூட அவரிடமிருந்து நீங்கள் அடையாளம் காணப் போவதில்லை. நினைவஞ்சலி தலைப்பிலும் மனநிலையிலும்தான் இருக்கிறது.

டேஞ்சரின் டிரீம், கிராஃப்ட்வெர்க் கேட்டிருக்கிறேன். இவர் எந்தப் பக்கம்?

டேஞ்சரின் டிரீம் பக்கம், பெர்லின் பள்ளி என்று அழைக்கப்படும் வகை. கிராஃப்ட்வெர்க் டியூசல்டார்ஃப்காரர்கள். அவர்கள் பாட்டைச் சுருக்கினார்கள், சிரித்தார்கள், நடனத்துக்கு வழிவிட்டார்கள். ஷூல்ட்சே சிரிக்க மாட்டார்.

டேஞ்சரின் டிரீமிலிருந்து என்ன வித்தியாசம் என்றால், அவர்கள் மூவர். ஒருவர் ஆரம்பித்ததை இன்னொருவர் கெடுப்பார், மூன்றாமவர் திருப்புவார். இவர் தனியாள். யாரும் குறுக்கிடாததால் ஒரே எண்ணத்தின் பின்னால் கடைசிவரை போக முடிகிறது. பலமும் அதுதான், பலவீனமும் அதுதான்.

இன்னொரு கிளை: கிடாரோ பிடித்தவர்கள் இவருக்குக் கொஞ்சம் கடன்பட்டவர்கள். எழுபதுகளின் நடுவில் கிடாரோ இருந்த ஃபார் ஈஸ்ட் ஃபேமிலி பேண்ட் என்ற ஜப்பானியக் குழுவின் ஆல்பங்களில் ஷூல்ட்சே பணியாற்றினார்.

எண்பதுகளில் என்ன ஆயிற்று?

மூக் சிந்தசைசரை ஓரங்கட்டிவிட்டுக் கணினிக்கு மாறினார். டிக் இட் (1980) முழுக்க டிஜிட்டல். முதல் உருப்படியின் தலைப்பே அனலாக் யுகத்துக்கு இரங்கல் வாசிக்கிறது. ரசிகர்கள் பலர் அன்று கோபித்துக்கொண்டார்கள். இன்றைய காதுக்கு அது கண்ணாடி மாதிரி துல்லியமாக, குளிர்ச்சியாக இருக்கிறது. எனக்குப் பிடிக்கும். டிரான்ஸ்ஃபர் (1981) குட்டி ஆல்பம், வேகமானது, டீபோல்டின் செல்லோவுடன் சாந்தானா குழுவின் முன்னாள் டிரம்ஸ்காரர் மைக்கேல் ஷ்ரீவ். உடற்பயிற்சிக்குப் போட்டுக்கொள்ள ஷூல்ட்சே ஆல்பம் வேண்டும் என்றால் இதுதான். ஆடென்டிட்டி (1983) கொஞ்சம் கடினம்.

அதன் பிறகு சில வருடங்களுக்கு அந்தக் கால டிரம் மெஷின் ஒலி பழுத்துப்போய்த் தெரியும். 1985, 1986 ஆல்பங்களை இப்போதைக்குத் தாண்டிவிட்டு என்ட்ரான்ஸ் (1988) வந்துவிடுங்கள். 'எஃப்எம் டிலைட்' என்ற உருப்படி ஒன்றுக்காகவே அந்த ஆல்பத்தை வாங்கலாம். சுணக்கமில்லாத, கனிந்த இசை.

தொண்ணூறுகள்?

எந்த ஒலியையும் பதிந்துவைத்து வாசிக்க உதவும் சாம்பிளர் கருவியை வாங்கிய ஆர்வத்தில் பறவைக் குரல், பெண் குரல், மூச்சு, பாட்டுத் துண்டு என்று எல்லாவற்றையும் அள்ளிப் போட்டார். பியாண்ட் ரீகால் (1991) அந்த வகையில் ஒன்று. புதிய பொம்மை கிடைத்த குதூகலம் தெரிகிறது. சிலருக்கு இந்தக் காலமே பிடிக்கும். எனக்குப் பிடிப்பதில்லை.

பெட்டி பெட்டியாக வரும் தொகுப்புகளை வாங்கலாமா?

1993இல் பத்து குறுந்தகடுகள், 1995இல் இன்னொரு பத்து, 1997இல் இருபத்தைந்து, 2000இல் எல்லாம் சேர்த்து ஐம்பது குறுந்தகடுகள் கொண்ட அல்டிமேட் எடிஷன். பெட்டகத்தில் கிடந்த ஒத்திகைகளும் கச்சேரிப் பதிவுகளும்தான் அவற்றில் பெரும்பகுதி. பிறகு அந்த ஐம்பதையும் கால வரிசைப்படி பிரித்து, 2009 முதல் 2015 வரை 'லா வி எலக்ட்ரோனிக்' என்ற பெயரில் 16 பகுதிகளாக வெளியிட்டார்கள்.

தொடங்குபவருக்கு எதுவுமே வேண்டாம். ஆறேழு ஆல்பங்கள் கேட்டு முடித்து இன்னும் பசி இருந்தால், லா வி எலக்ட்ரோனிக் வரிசையில் எழுபதுகளின் நடுப்பகுதிக்கான பெட்டிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஆல்பங்களில் இறுக்கிக் கட்டியதை அங்கே அவிழ்த்துவிட்டு வாசிப்பதைக் கேட்கலாம்.

மேடைப் பதிவுகளில் எது?

எழுபதுகளின் படங்களில் மனிதர் மேடையில் தரையில் சப்பணமிட்டு, கருவிகளுக்கு நடுவே உட்கார்ந்திருப்பார். அந்தக் காலத்து இசைக்கு 1980இல் வெளியான லைவ் ஆல்பம். 1983 போலந்துப் பயணத்தில் ரைனர் பிளாஸோடு சேர்ந்து வாசித்ததன் பதிவு 'ஜென்குயே போலந்து'. கூட்டத்தின் ஆரவாரமே ஒரு வாத்தியம் போல இருக்கும். இரும்புத்திரைக்குப் பின்னால் இவருக்கு இருந்த வரவேற்பு அப்படி. 1989 ஆகஸ்டில் கிழக்கு ஜெர்மனியின் டிரெஸ்டனில் வாசித்தார், பெர்லின் சுவர் விழ மூன்று மாதம் இருக்கும்போது. அந்தப் பதிவும் கிடைக்கிறது. வரலாற்றுக்காக வேண்டுமானால் கேளுங்கள், இசைக்காக என்றால் போலந்து.

ரிச்சர்ட் வான்ஃப்ரீட் என்று ஒரு பெயர் வருகிறதே?

அவரேதான். மற்றவர்களோடு சேர்ந்து வாசித்தவற்றில் சிலவற்றை அந்தப் புனைபெயரில் வெளியிட்டார். டைம் ஆக்டர் (1979) முதலாவது. ஆர்தர் பிரௌன் டியூனை விட இங்கே பொருந்துகிறார். பீட் நாம்லுக்குடன் 1994இல் தொடங்கிய 'டார்க் சைட் ஆஃப் தி மூக்' வரிசை 11 பகுதிகள் வரை போனது. தொண்ணூறுகளின் ஆம்பியன்ட், டெக்னோ பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு அதுவே நல்ல வாசல்.

குரல் உள்ள ஆல்பம் ஏதாவது நன்றாக இருக்கிறதா?

லிசா ஜெரார்டோடு செய்த ஃபார்ஸ்கேப் (2008). டெட் கேன் டான்ஸ் குழுவின் பாடகி அவர், 'கிளாடியேட்டர்' படத்தில் கேட்ட குரல். அதே ஆண்டு லோரலை திறந்தவெளி அரங்கில் இருவரும் வாசித்தது 'ரைன்கோல்ட்' என்று வந்திருக்கிறது. இரண்டில் ஒன்று போதும், நான் ரைன்கோல்டை எடுப்பேன்.

ஸ்ட்ரீமிங்கில் கேட்டால் ஆல்பம் முடியவே மாட்டேன் என்கிறது.

மறுவெளியீடுகளில் கூடுதல் பகுதிகளை ஒட்டியிருப்பார்கள். மூன்டானில் மூன்றாவதாக இருபது நிமிடம் சொச்சத்துக்கு ஒன்று இருக்கும். முதல் தடவை 'மைண்ட்ஃபேசர்' முடிந்ததும் நிறுத்திவிடுங்கள். மூல ஆல்பம் அங்கே முடிகிறது, முடிவு எப்படி அமைக்கப்பட்டது என்பது நிறுத்தினால்தான் விளங்கும். உருப்படிகளைக் கலைத்துப் போடும் ஷஃபிள் வசதியை அணைத்துவிடுங்கள். ஹெட்ஃபோன் நல்லது. அதைவிட நல்லது கீழ் ஸ்தாயியைத் தாங்கும் ஒரு ஸ்பீக்கர். கைபேசியின் சொந்த ஒலிபெருக்கியில் இர்லிஷ்டைப் போட்டால் மின்விசிறிச் சத்தம்தான் கேட்கும்.

கடைசி ஆல்பம் எப்படி?

டியூஸ் அராக்கிஸ், 2022. அவர் இறந்த சில வாரங்களில் வெளிவந்தது. ஸிம்மரோடு நடந்த பரிமாற்றம் 'டியூன்' நாவலின் பழைய மணல்கோளத்தை அவருக்குள் மறுபடி கிளப்பிவிட்டது. மூன்று நீண்ட உருப்படிகள், டீபோல்டின் செல்லோவும் திரும்பி வருகிறது. எழுபதுகளின் இறுக்கம் இல்லை, அவசரமும் இல்லை. 1979இன் டியூனைக் கேட்டவர்களுக்குத்தான் இதன் ருசி முழுதாகத் தெரியும் என்பதால் முதலில் கேட்க வேண்டாம். டியூன் முடித்த மறுநாள் கேளுங்கள்.

தொடவே கூடாதது?

'கோஸ் கிளாசிக்' (1994). மேற்கத்தியச் செவ்வியல் படைப்புகளைக் கணினியில் ஏற்றி வாசிக்கவைத்தது. அவரே இருந்தாலும் அவர் இல்லாத ஆல்பம் அது.